ஓடும்போது மயங்கி விழுந்த பிள்ளையைச் சும்மா விட்டுடாதீங்க
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)

 

நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. மேடையில பேசிப் பழக்கம் இல்லை. ஏதாவது தப்பா வந்தா பொறுத்துக்கோங்க. ஆரோக்கியம் பத்திப் பத்து நிமிஷம் பேசணும்னு தலைவி அக்கா சொன்னாங்க. பிரஷர், சர்க்கரை பத்தி நமக்கு ஓரளவு தெரியும். மக்களைத் தேடி மருத்துவம் 2021-ல வந்த பிறகு, நம்ம குழுவுல இருந்தே போன தன்னார்வலர் பெண்கள் வீடு வீடா வந்து பார்க்கிறாங்க. அதனால அதை விட்டுட்டு, யாரும் அதிகமாப் பேசாத ஒண்ணைப் பேசலாம்னு வந்திருக்கேன். நல்லா ஓடி ஆடுற பிள்ளைகளோட இதயத்தைப் பத்தி.

நம்ம மாவட்டத்துல விளையாட்டுக்குக் குறைச்சல் இல்லை. கோவில்பட்டின்னாலே ஹாக்கி. மணத்தி கணேசன் அண்ணன் 1994-ல ஹிரோஷிமா ஆசியப் போட்டியில தங்கம் வாங்கின கபடி அணியில ஆடினவரு, அர்ஜுனா விருது வாங்கினவரு. கடற்கரை ஊருல எல்லாம் கால்பந்து. திருவிழா, கொடைன்னா ஒரு டோர்னமென்ட் இல்லாம இருக்காது. விடியக்காலம் அஞ்சு மணிக்குக் கடற்கரை மணல்ல பாருங்க, போலீஸ் தேர்வுக்கு ஓடப் பழகுற பையன்களும் பொண்ணுகளும் வரிசையா ஓடுவாங்க. விளையாட்டு ஒதுக்கீட்டுல ஒரு வேலை கிடைச்சா குடும்பமே கரையேறிடும்னு நமக்கும் ஆசைதான்.

இந்தப் பிள்ளைகளைப் பார்க்கும்போது, "இவனுக்கு என்ன, இரும்பு மாதிரி இருக்கான்"னு சொல்றோம். பெரும்பாலும் அது உண்மைதான். ஆனா ரொம்ப அரிதா ஒரு பிள்ளைக்கு, வெளியே ஒண்ணுமே தெரியாம, உள்ளே ஒரு கோளாறு இருக்கும். ஓட்டமும் ஆட்டமும் உச்சத்துல இருக்கும்போதுதான் அது வெளியே வரும்.

2004 டிசம்பர் 5-ம் தேதி பெங்களூருல ஃபெடரேஷன் கோப்பை கால்பந்து இறுதிப் போட்டி. டெம்போ அணிக்காக பிரேசில்ல இருந்து வந்து ஆடின கிறிஸ்டியானோ ஜூனியர் ரெண்டு கோல் போட்டாரு. ரெண்டாவது கோல் போடும்போது எதிரணி கோல்கீப்பரோட மோதிக் கீழே விழுந்தவரு எழுந்திரிக்கவே இல்லை. இதயம் நின்னு போச்சு. அவ்வளவு பெரிய மைதானத்துலயே அன்னைக்கு உடனடி மருத்துவ வசதி சரியா இல்லைன்னு பேச்சு வந்தது. நம்ம தமிழ்நாட்டுல 2022 ஜூலையில, கடலூர் மாவட்டம் பண்ருட்டி பக்கம் ஒரு கபடி ஆட்டத்துல பாடிப் போன பையன் கீழே விழுந்தான், எழுந்திரிக்கப் பார்த்தான், முடியலை. அந்த வீடியோவை நம்மில் பலபேர் போன்ல பார்த்தோம். பார்த்துட்டு, "ஐயோ பாவம், யாரு பெத்த பிள்ளையோ"ன்னு சொல்லிட்டு அடுப்படிக்குப் போயிட்டோம். அவனுக்கு உள்ளே கோளாறு இருந்ததா, நெஞ்சுல பட்ட அடியான்னு நான் சொல்ல வரலை. நம்ம ஊரு ஆட்டக்களத்துல ஒரு பிள்ளை விழுந்தா என்ன செய்யணும்னு அங்க நிக்கிற யாருக்காவது தெரியுமா? அதைத்தான் கேட்கிறேன்.

சரி, அந்தக் கோளாறு என்னன்னு எனக்கு விளங்கின மாதிரி சொல்றேன். டாக்டர் சொன்னதையும், சுகாதார செவிலியர் அம்மா சொன்னதையும், என் மகள் வாசிச்சுக் காட்டினதையும் வச்சுத்தான் சொல்றேன்.

ஒண்ணு, இதயத்தோட தசை தேவைக்கு மேல தடிச்சுப் போறது. 500 பேருல ஒருத்தருக்கு இது இருக்கலாம்னு சொல்றாங்க. பலபேருக்குக் கடைசி வரைக்கும் ஒண்ணும் செய்யாது. சிலபேருக்கு ஓடும்போது துடிப்பு தாறுமாறாப் போயிடும்.

ரெண்டு, மின்சாரக் கோளாறு. நம்ம இதயம் துடிக்கிறதே உள்ளே ஓடுற சின்ன மின்சாரத்தால. ஒவ்வொரு துடிப்புக்கும் அப்புறம் அது தயாராகி அடுத்த துடிப்புக்கு வரணும். அந்தத் தயாராகுற நேரம் சிலபேருக்கு நீளமா இருக்கும். இதுக்கு லாங் க்யூடின்னு பேரு. ஆளைப் பார்த்தாலும் தெரியாது, காதுல குழாய் வச்சுக் கேட்டாலும் தெரியாது. இசிஜி எடுத்தாத்தான் தெரியும்.

மூணு, இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோற குழாய் பிறவியிலேயே இடம் மாறி இருக்கிறது. இதை இசிஜி பெரும்பாலும் காட்டாது, எக்கோ, ஸ்கேன் வேணும்.

நாலு, சின்ன வயசுல தொண்டைப்புண் வந்து, மூட்டுவலியும் காய்ச்சலும் வந்து, அது இதய வால்வைக் கெடுக்கிறது. இது நம்ம மாதிரி நெருக்கமா வாழுற ஊருகள்ல இன்னும் இருக்கு. அதனால பிள்ளைக்குத் தொண்டைவலியோட காய்ச்சல்னா மெடிக்கல்ல ரெண்டு மாத்திரை வாங்கிக் கொடுத்து முடிச்சிடாம, டாக்டர்கிட்ட காட்டி, சொன்ன நாள் வரைக்கும் மருந்து கொடுக்கணும். காய்ச்சலோட ஆட்டத்துக்கும் அனுப்பக் கூடாது. சில வைரஸ் காய்ச்சல் இதயத் தசையையே புண்ணாக்கும்.

இதுல அந்த மின்சாரக் கோளாறு பத்தி இன்னும் கொஞ்சம் சொல்லணும். ஏன்னா அது நம்ம கடலோட சம்பந்தப்பட்டது. லாங் க்யூடியில ஒரு வகை இருக்கு, அதுல ஓட்டத்தை விட நீச்சல்தான் ஆபத்து. நல்லா நீந்துற பிள்ளை, தண்ணிக்குள்ளேயே மயங்கிடும். மயக்கம் தரையில வந்தா விழுந்து எழுந்திரிச்சிடலாம். தண்ணியில வந்தா அப்படியே முடிஞ்சு போகும். வெளியே பார்க்கிறவங்களுக்கு, மூழ்கிட்டான்னுதான் தெரியும்.

நம்ம கடற்கரையில முத்துக்குளிப்பு 1961-ல நடந்ததுதான் கடைசி. ஆனா சங்கு குளிக்கப் போறவங்க இன்னும் இருக்காங்க. மூச்சடக்கிக் கடலுக்குள்ள போறவங்களை யாரும் விளையாட்டு வீரருன்னு சொல்றதில்லை. ஆனா அவங்க இதயம் படுற பாடு எந்த ஓட்டக்காரனுக்கும் குறைஞ்சது இல்லை. நம்ம ஊருகள்ல எத்தனை தடவை கேட்டிருக்கோம்: "மீன் மாதிரி நீந்துவான், நெஞ்சளவு தண்ணியில போயிட்டான்." அதுக்கு நாம சொல்ற காரணம், காத்து கருப்பு அடிச்சிடுச்சு, கடல் எடுத்துக்கிச்சு. எல்லாச் சாவும் இதயக் கோளாறுன்னு சொல்லலை. சுழி இருக்கு, குடி இருக்கு, களைப்பு இருக்கு. ஆனா சிலது இதுவா இருக்கலாம். அப்படி இருந்தா, அதே வீட்டுல இன்னொரு பிள்ளைக்கும் அது இருக்கலாம்.

இதை நான் எங்க வீட்டுலயே பார்த்தேன். அதனாலதான் இன்னைக்கு இங்க நிக்கிறேன்.

என் அண்ணன் மகன், எனக்கு மருமகன் முறை. பதினாறு வயசு. கால்பந்துன்னா உசிரு. மாவட்ட அணித் தேர்வுக்குப் போகத் தயாரா இருந்தான். ஒருநாள் பயிற்சியில ஓடிக்கிட்டு இருந்தவன் பொத்துனு விழுந்தான். ஒரு நிமிஷத்துல அவனே எழுந்திரிச்சான். சோடா வாங்கிக் கொடுத்து, "வெறும் வயித்துல ஓடினா இப்படித்தான்"னு சொல்லி, திரும்பவும் ஆட விட்டுட்டாங்க. அண்ணன் ஒரு இடத்துல காட்டினான். அங்கேயும் சத்துக்குறைவுன்னு டானிக் எழுதிக் கொடுத்தாங்க. ரெண்டு மாசம் கழிச்சு மறுபடியும் விழுந்தான். இந்தத் தடவை கைகால் வெட்டி இழுத்துச்சு. ஓடி வந்தவங்க கையில சாவிக்கொத்தைத் திணிச்சாங்க. வலிப்புன்னு முடிவு பண்ணிட்டாங்க.

எங்க குழுவுல உள்ள தன்னார்வலர் தங்கச்சிதான், "இல்லைக்கா, ஓடும்போது விழுந்தான்னா இதயத்தையும் பார்க்கணும்"னு பிடிவாதமாச் சொன்னா. குழுவுல உள்கடன் 5,000 ரூபாய் எடுத்துப் போனோம். அண்ணன், மைனி, நான், எங்க அம்மா நாலுபேரும் போனோம்.

டாக்டர் முதல்ல மெஷினைத் தொடலை. கேள்விதான் கேட்டாரு. "உங்க குடும்பத்துல சின்ன வயசுல யாராவது திடீர்னு இறந்திருக்காங்களா?" அண்ணன் உடனே, "அப்படி யாரும் இல்லை சார்"னான். எங்க அம்மாதான் முந்தானையைப் பிடிச்சுக்கிட்டு மெதுவா, "ஏன் இல்லை, என் தம்பி இல்லையா"ன்னாங்க. எங்க தாய்மாமா சங்கு குளிக்கப் போறவரு. இருபத்து மூணு வயசுல, அலை இல்லாத ஒரு நாள்ல, கரைக்குப் பக்கத்துல மூழ்கிப் போனாரு. அப்புறம் அம்மா இன்னொண்ணையும் சொன்னாங்க. "எங்க அக்கா மகளும் பள்ளிக்கூடத்துல ஓடினா விழுவா. வலிப்புன்னு மாத்திரை கொடுத்தாங்க. பதினாலு வயசுல போயிட்டா." ரெண்டு சாவும் எங்க எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். ஆனா ரெண்டையும் சேர்த்து யாரும் யோசிச்சது இல்லை.

அதுக்கப்புறம் இசிஜி எடுத்தாங்க. அஞ்சு நிமிஷம் கூட ஆகலை. லாங் க்யூடின்னு சொன்னாங்க. "உங்க மாமா எதனால இறந்தாருன்னு இப்போ உறுதியாச் சொல்ல முடியாது. ஆனா இந்தப் பாட்டி சொன்னது எனக்குப் பெரிய உதவி"ன்னு டாக்டர் சொன்னாரு. பிறகு வீட்டுல எல்லாருக்கும் எடுத்தாங்க. அண்ணனுக்குக் கொஞ்சம் இருந்தது. அண்ணனோட சின்ன மகளுக்கும் இருந்தது. அவ ஒருநாளும் மயங்கினதே இல்லை. எனக்கும் என் பிள்ளைகளுக்கும் சரியா இருந்தது. ஆனாலும் ஒரு தடவை சரியா இருந்தா போதும்னு விடாம, சொன்ன நேரத்துல திரும்ப வரச் சொல்லியிருக்காங்க.

இப்போ தினமும் மாத்திரை. ஒருநாளும் விடக் கூடாது. சில ஆன்டிபயாடிக் மாதிரி மருந்துகள் இந்தக் கோளாறுக்கு ஆகாதாம். அதனால எந்த மருந்து வாங்கினாலும் சீட்டைக் காட்டிக் கேட்டுத்தான் வாங்கணும். நீச்சல் கூடாது, போட்டி ஆட்டம் கூடாது.

அவன் கால்பந்து ஷூவைத் தூக்கிக் கிணத்துல போட்டான். மூணு மாசம் எங்க யாருக்கும் முகம் கொடுத்துப் பேசலை. இப்போ ஐடிஐ படிக்கிறான். டிவியில மேட்ச் வந்தா இன்னும் எழுந்து வெளியே போயிடுவான். அதைப் பார்க்கும்போது எங்க மைனிக்குக் கண்ணு கலங்கும். ஆனா பிள்ளை இருக்கான். கோபப்பட்டுக்கிட்டாவது வீட்டுக்குள்ள நடமாடுறான்.

இதுல இருந்து எனக்குப் புரிஞ்சது இதுதான். மெஷினுக்கு முன்னாடி முதல் பரிசோதனை நம்ம ஞாபகம். யாரு எந்த வயசுல எப்படிப் போனாங்கன்னு வீட்டுல ஆம்பிளைங்களுக்கு ஞாபகம் இருக்காது. நமக்குத்தான் இருக்கும். எழவு வீட்டுல உட்கார்ந்து பேசினது நாம. எந்தப் பிள்ளைக்கு எப்போ மயக்கம் வந்ததுன்னு தெரிஞ்சதும் நமக்குத்தான்.

உலகத்துலயும் இதைப் பத்தி ரெண்டு விதமாப் பேசுறாங்க. இத்தாலியில 1982-ல இருந்து போட்டியில ஆடுற எல்லாருக்கும் இசிஜியோட பரிசோதனை கட்டாயம். அங்க வெனெட்டோன்னு ஒரு பகுதியில கணக்கு எடுத்தாங்க. முன்னாடி ஒரு லட்சம் இளம் வீரர்கள்ல வருஷத்துக்கு 3.6 பேரு திடீர்னு இறந்தது, 2004 வாக்குல 0.4 ஆயிடுச்சு. அமெரிக்காவுல இசிஜி கட்டாயம் இல்லை. அங்க இதய மருத்துவர் சங்கம் 14 விஷயம் வச்சிருக்கு. வீரரைப் பத்தியும் குடும்பத்தைப் பத்தியும் கேள்வி, கொஞ்சம் உடம்புப் பரிசோதனை. நல்லாப் பயிற்சி எடுத்த பிள்ளையோட இசிஜி கொஞ்சம் வேற மாதிரி இருக்கும், அதைக் கோளாறுன்னு நினைச்சு நல்ல பிள்ளையை நிறுத்திடவும் கூடாதுன்னு அவங்க கவலை. நமக்கு ரெண்டும் வேணும். எல்லாருக்கும் இசிஜி எடுக்க வசதி வர்ற வரைக்கும், கேள்வியை நாம இன்னைக்கே கேட்கலாம். அதுக்குக் காசு கிடையாது.

கேட்க வேண்டியது ஆறு.
1. ஓடும்போதோ, ஆடும்போதோ, நீந்தும்போதோ மயங்கி விழுந்திருக்கானா? (வெயில்ல வரிசையில ரொம்ப நேரம் நின்னு மயங்குறது வேற. ஓட்டத்துக்கு நடுவுல விழுறது வேற.)
2. ஓடும்போது நெஞ்சுவலி, படபடப்பு வருதா?
3. கூட ஓடுறவங்களை விட ரொம்ப சீக்கிரம் மூச்சு வாங்குதா?
4. குடும்பத்துல 50 வயசுக்குள்ள யாராவது திடீர்னு இறந்திருக்காங்களா? நீந்தத் தெரிஞ்சும் மூழ்கினவங்க, தூக்கத்துலயே போனவங்க எல்லாரையும் சேர்த்துச் சொல்லணும்.
5. வலிப்புன்னு மாத்திரை சாப்பிடுற பிள்ளைக்கு, வலிப்பு ஓட்டத்துலயோ தண்ணியிலயோ வந்திருக்கா? இசிஜி எடுத்திருக்காங்களா?
6. பிறவியிலேயே காது கேட்காத பிள்ளைக்கு மயக்கம் வந்திருக்கா? லாங் க்யூடியில ஒரு வகை, பிறவிக் காது கேளாமையோட சேர்ந்து வரும்.

ஆறாவது கேள்வி ஏன்னா, அந்த வகை அப்பா அம்மா ரெண்டுபேர் கிட்ட இருந்தும் வரணும். மாமன் மகள், அத்தை மகன்னு சொந்தத்துலயே கட்டுற நம்ம வழக்கத்துல அதுக்கு வாய்ப்பு கூடுது. யாரையும் குத்தம் சொல்லலை. நானே அத்தை மகனைக் கட்டினவதான்.

ரத்தத்துல வர்றதுன்னா இன்னொரு சேதியும் சொல்லணும். மதுரை காமராஜர் பல்கலைக்கழகத்துல இருந்தவரும், ஹைதராபாத் சிசிஎம்பி ஆய்வு நிலையத்துல இருக்கிறவங்களும் சேர்ந்து 2009-ல ஒரு ஆராய்ச்சியை வெளியிட்டாங்க. இதயத் தசையைப் பலவீனமாக்குற ஒரு மரபணு மாற்றம், நம்ம நாட்டுல 100 பேருல 4 பேருக்கு இருக்குன்னு கண்டுபிடிச்சாங்க. பயப்படாதீங்க, 4 பேரும் செத்துப் போவாங்கன்னு அர்த்தம் இல்லை. பெரும்பாலும் வயசான பிறகுதான் தொந்தரவு காட்டும். ஆனா இதயக் கோளாறு குடும்பத்துல இறங்கி வரும்னு தெரிஞ்சுக்கணும். ஒரு பிள்ளைக்குக் கண்டுபிடிச்சா, கூடப் பிறந்தவங்களையும் பார்க்கணும்.

ஆறுல ஒண்ணுக்கு "ஆமா"ன்னு பதில் வந்தா, பார்க்கிற வரைக்கும் ஓட்டத்தையும் நீச்சலையும் நிறுத்திட்டு, அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்க. "ஓடும்போது மயங்கினான், இசிஜி எடுத்துப் பாருங்க"ன்னு நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்க. பள்ளிக்கூடத்துக்கும் அங்கன்வாடிக்கும் வர்ற ஆர்பிஎஸ்கே மருத்துவக் குழு 18 வயசு வரைக்கும் பார்ப்பாங்க. பிறவி இதயக் கோளாறு, வால்வுக் கோளாறு எல்லாம் அதுல இருக்கு. அவங்க வர்ற நாளைத் தெரிஞ்சுக்கிட்டு இந்தச் சேதியைச் சொல்லுங்க. பெரிய சிகிச்சைன்னா முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கு. அட்டை எடுக்காதவங்க இந்த மாசமே எடுத்திடுங்க.

எல்லாப் பரிசோதனையும் பண்ணினாலும் சிலது தப்பிடும். டென்மார்க் வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் வருஷா வருஷம் பரிசோதனை பண்ணிக்கிட்டவரு. 2021 ஜூன் 12-ல மைதானத்துல விழுந்தாரு. உடனே நெஞ்சை அமுக்கினாங்க, மின் அதிர்ச்சி கொடுத்தாங்க, பிழைச்சாரு. உள்ளே ஒரு கருவி வச்சுக்கிட்டு திரும்ப ஆட வந்து, 2024 யூரோ போட்டியில கோலும் போட்டாரு. பெங்களூருல போன உயிரையும் இதையும் வச்சுப் பார்த்தா, அந்த முதல் சில நிமிஷம் எவ்வளவு பெருசுன்னு தெரியும்.

விழுந்த பிள்ளை கூப்பிட்டா முழிக்கலை, மூச்சு சரியா இல்லைன்னா, ஒருத்தர் 108-க்கு அடிக்கணும். இன்னொருத்தர் நெஞ்சு நடுவுல ரெண்டு கையையும் ஒண்ணு மேல ஒண்ணு வச்சு, ரெண்டு இஞ்ச் அமுங்குற மாதிரி, நிமிஷத்துக்கு 100-ல இருந்து 120 தடவை, வண்டி வர்ற வரைக்கும் அமுக்கணும். தண்ணி தெளிக்கிறது, சோடா ஊத்துறது, சாவி கொடுக்கிறதுல நேரம் போகக் கூடாது. தண்ணியில இருந்து எடுத்தவங்களைத் தலைகீழாப் பிடிக்கிறது, வயித்தை அமுக்கித் தண்ணி எடுக்கிறது வேண்டாம். அவங்களுக்கு நெஞ்சை அமுக்குறதோட வாய்வழியா மூச்சும் கொடுக்கணும். அதைப் பயிற்சி எடுத்துத்தான் பழகணும்.

அதனால கூட்டமைப்பு முன்னாடி மூணு தீர்மானம் வைக்கிறேன். ஒண்ணு, அடுத்த மாதக் கூட்டத்துல ஒவ்வொரு குழுவும் இந்த ஆறு கேள்வியைக் கேட்டு, உறுப்பினர் வீட்டுப் பிள்ளைகள் பத்தி எழுதி சுகாதார செவிலியர் அம்மாகிட்ட கொடுக்கணும். ரெண்டு, ஒவ்வொரு குழுவுல இருந்தும் ரெண்டு பேருக்கு நெஞ்சை அமுக்குற பயிற்சி தரச் சொல்லி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மனு கொடுக்கணும். மூணு, நம்ம ஊருல டோர்னமென்ட் நடத்துற பையன்கள் நன்கொடைக்கு வரும்போது, "பயிற்சி எடுத்த ஆளு களத்துல நிப்பாங்களா, ஆம்புலன்ஸ் வர வழி விட்டிருக்கீங்களா"ன்னு கேட்டுட்டுத்தான் ரசீது வாங்கணும்.

பிள்ளைகளை ஆட விடாதீங்கன்னு நான் சொல்லலை. ஆடட்டும், ஓடட்டும், கடல்ல குதிக்கட்டும். ஓட்டத்துக்கு நடுவுல ஒரு பிள்ளை விழுந்தா மட்டும், "ஒண்ணுமில்லை"ன்னு சொல்லித் திரும்ப அனுப்பாதீங்க.